வியட்நாம் போரின்போது வீடுகளில் என்ன நடந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாம் போர் என்றதும் ஹெலிகாப்டர், காடு, நேபாம், தலைக்கவசம் போட்ட அமெரிக்கச் சிப்பாய் என்று நாலைந்து படங்கள் கண்ணுக்கு முன் ஓடும். அதே நாட்களில் ஹனோயில் ஒரு குமாஸ்தா வீட்டில் ராத்திரிக்கு உலை எப்படி ஏறியது, பிள்ளைகள் எங்கே படித்தார்கள், கல்யாணத்துக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. வியட்நாமைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வடக்கைப் பற்றிக் கூடுதலாகவும் தெற்கைப் பற்றிச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ரேஷன் புத்தகத்தின் மீது எனக்குள்ள பைத்தியம்தான் காரணம்.

எந்தப் போரைச் சொல்கிறீர்கள்? எத்தனை வருஷம் நடந்தது?

உலகம் 'வியட்நாம் போர்' என்பதை வியட்நாமியர்கள் 'அமெரிக்கப் போர்' என்கிறார்கள். 1954 ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை 17ஆவது அட்சரேகையை ஒட்டி, பென் ஹாய் ஆற்றின் இரு கரைகளாகப் பிரித்தது. வடக்கே ஹனோயில் கம்யூனிஸ்ட் அரசு, தெற்கே சைகோனில் அமெரிக்க ஆதரவு அரசு. 1965 மார்ச்சில் வடக்கின் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. அதே மாதம் அமெரிக்கத் தரைப்படை தெற்கே தா நாங்கில் இறங்கியது. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. நடுவில் 1968 நவம்பரிலிருந்து மூன்றரை ஆண்டுகள் ஹனோய் மீது குண்டு விழவில்லை. ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் அப்போது திரும்பி வந்தார்கள், 1972இல் மறுபடி மூட்டை கட்டினார்கள்.

சைரன் ஊதினால் ஹனோய்க்காரர்கள் என்ன செய்வார்கள்?

சைரனுக்கு முன்னால் ஒலிபெருக்கி பேசும். தெருக் கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில், "மக்களே கவனியுங்கள், எதிரி விமானங்கள் ஹனோய்க்கு இத்தனை கிலோமீட்டர் தொலைவில்" என்று அறிவிப்பு வரும். தொலைவு குறையக் குறைய அறிவிப்பும் மாறும். விமானம் நெருங்கியதும் ஓபரா மாளிகையின் கூரையில் இருந்த சைரன் அலறும். அதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓட வேண்டும்.

ஓடுவது நடைபாதைக்கு. கிணற்றுக்கு இறக்குவார்களே, அதுபோன்ற சிமெண்ட் உறைகளை நடைபாதை நெடுக மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். ஓர் ஆள் குந்தி நிற்கும் அளவு ஆழம், மேலே ஒரு மூடி. உள்ளே இறங்கி மூடியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு குழிக்கு ஒருவர் என்பதில் ஒரு கணக்கு இருந்தது: குண்டு நேராக விழுந்தாலும் சாவது ஒரே ஆள். மழைக்காலத்தில் குழியில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும், எலியும் இருக்கும். பூங்காக்களிலும் அலுவலக முற்றங்களிலும் பலர் சேர்ந்து ஒதுங்கும் பெரிய பதுங்குகுழிகள் தனியாக இருந்தன.

விமானம் போய்விட்டது என்று அறிவித்ததும் மூடி திறக்கும். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். சிவப்பு ஆற்றின் மேல் 1902இல் திறக்கப்பட்ட லோங் பியென் பாலத்தை 1967இலும் 1972இலும் பலமுறை உடைத்தார்கள். உடைந்த கண்களை ஒட்டுப்போட்டார்கள், மிதவைப் பாலம் கட்டினார்கள், படகு விட்டார்கள். அக்கரைக் கீரையும் கோழியும் எப்படியோ இக்கரைச் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா?

போனார்கள், ஆனால் ஊரில் இல்லை. 1965 முதல் நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பாட்டியோடு சிலர், பள்ளியோடு மொத்தமாகச் சிலர், முன்பின் தெரியாத விவசாயி வீட்டில் சிலர். வகுப்பறையைத் தரைமட்டத்துக்குக் கீழே பாதி இறக்கிக் கட்டி, சுற்றிலும் மண்சுவர் எழுப்பினார்கள். பெஞ்சுக்கு அருகிலிருந்தே வெளியே பதுங்கு அகழிக்கு வழி போகும். தலையில் கனமாகப் பின்னிய வைக்கோல் தொப்பி. கொத்துக் குண்டிலிருந்து சிதறும் இரும்புக் குண்டுமணிகள் மண்டைக்குள் இறங்காமல் அது தடுக்கும் என்று நம்பினார்கள், ஓரளவு தடுத்தது.

பல்கலைக்கழகங்களும் இடம்பெயர்ந்தன. ஹனோய்ப் பல்கலைக்கழகம் தாய் நுயென் மாகாணத்து மலைப்பக்கத்துக்குப் போனது. மாணவர்களே மூங்கில் வெட்டிக் கொட்டகை போட்டுப் படித்தார்கள். ராத்திரி வெளிச்சத்துக்கு மைப்புட்டியில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு. வானத்திலிருந்து தெரியாதபடி அதற்கும் ஒரு மறைப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவோ அம்மாவோ 30, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் பிள்ளையைப் பார்க்க வருவார்கள். கொஞ்சம் அரிசி, ஒரு துண்டு சோப்பு, சர்க்கரை கிடைத்திருந்தால் சர்க்கரை. ஞாயிறு ராத்திரி திரும்ப மிதிப்பார்கள். அந்தத் தலைமுறையிடம் போரைப் பற்றிக் கேட்டால் குண்டைவிட இந்த சனிக்கிழமையைத்தான் அதிகம் பேசுகிறார்கள். மாடு மேய்க்கவும் நண்டு பிடிக்கவும் கற்றுக்கொண்டதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களும் உண்டு.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

இங்கேதான் அரிசிப் புத்தகம் வருகிறது. நகரத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புத்தகம். அதில் பெயர் இருந்தால்தான் அரசாங்கக் கடையில் அரிசி. அலுவலக ஊழியருக்கு மாதம் 13 கிலோ, உடம்பை முறித்து உழைப்பவருக்கு 20 கிலோவுக்கு மேல், கைக்குழந்தைக்கு மூன்று நான்கு கிலோ. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றாது. ஆனால் குழம்பு, கறி, எண்ணெய் என்று பக்கத்தில் வேறெதுவும் இல்லாதபோது வயிற்றை அரிசியால் மட்டுமே நிரப்ப வேண்டும். அந்த 13 கிலோவும் முழுக்க அரிசியாக வராது. ஒரு பங்குக்கு மைதா, உலர்ந்த மரவள்ளி, சோளம் என்று கிடங்கில் எது இருக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். இவற்றைக் கலந்து வடிக்கும் சோற்றுக்கு 'கொம் தொன்' என்று பெயர், கலப்படச் சோறு என்று வைத்துக்கொள்ளலாம். மேலாக இருக்கும் மரவள்ளியைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு, அடியில் கிடக்கும் வெள்ளைச் சோற்றைப் பிள்ளைகளுக்குப் போடுவார்கள்.

அரிசிக்குப் புத்தகம் என்றால் மற்றதற்கெல்லாம் கூப்பன். இறைச்சி, சர்க்கரை, மீன் சாறு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, துணி என எல்லாவற்றுக்கும் தபால்தலை போலச் சின்னச் சின்னத் துண்டுகள். துணி ஆண்டுக்கு 4, 5 மீட்டர். சாதாரண ஊழியருக்கு மாதத்துக்கு அரைக் கிலோ இறைச்சி கிடைத்தாலே பெரிது. அதிலும் கொழுப்புள்ள துண்டுக்குத்தான் அடிதடி. உருக்கிப் புட்டியில் ஊற்றி வைத்தால் வாரக்கணக்கில் தாளிக்கலாமே.

விடியுமுன்னே வரிசை தொடங்கிவிடும். நிற்க ஆளில்லாதவர்கள் ஒரு செங்கல்லையோ பிய்ந்த கூடையையோ வைத்து இடம் பிடிப்பார்கள், இது இன்னாருடைய செங்கல் என்று எல்லோருக்கும் தெரியும். அரிசிப் புத்தகம் தொலைந்தால் புதிதாக வாங்குவதற்குள் உயிர் போய்விடும். யாராவது பேயறைந்தமாதிரி நின்றால், "என்ன, அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவன் மாதிரி முகம்?" என்று கேட்பது வழக்கு. கூப்பன் ஒழிந்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த வழக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் விட மனமில்லை. அரசாங்கக் கடைகளில் விற்ற ஃபோ சூப்பில் நூடுல்ஸும் வெறும் சாறும்தான் இருக்கும், இறைச்சி இருக்காது. அமெரிக்கா வேவு பார்க்க ஆளில்லா விமானங்களை அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே அந்தச் சூப்புக்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரே ரேஷனா?

காகிதத்தில் சமத்துவம், கடையில் தரவரிசை. இறைச்சி கூப்பனிலேயே பதவிக்குத் தக்க எழுத்துகள் உண்டு. உச்சியில் இருப்பவர்களுக்கு ஏ, கீழே வர வர அளவு குறையும். பெரிய அதிகாரிகளுக்கு டோன் தான் தெருவில் தனிக் கடை. இதை வைத்து ஹனோய் மக்கள் ஒரு பாட்டே கட்டினார்கள்: டோன் தான் ராஜாக்களின் சந்தை, வான் ஹோ ஜால்ராக்களின் சந்தை, தோங் சுவான் வியாபாரிகளின் சந்தை, நடைபாதைதான் வீரமிக்க மக்களின் சந்தை. 'வீரமிக்க மக்கள்' என்பது அரசாங்கமே சுவரெல்லாம் எழுதிய சொல். அதை அப்படியே எடுத்துத் திருப்பியடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

சைக்கிள் டயர், ஆரக்கம்பி போன்றவை அலுவலகத்துக்கு மொத்தமாக ஒன்றிரண்டு வரும், சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பார்கள். சைக்கிள் சொத்து. அதற்கு நம்பர் பலகையும் உண்டு, பதிவுப் புத்தகமும் உண்டு.

ஆண்கள் போருக்குப் போனபின் வயலை யார் பார்த்தார்கள்?

பெண்கள். 1965 மார்ச்சில் மகளிர் சங்கம் 'மூன்று பொறுப்புகள்' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது: உற்பத்தி, குடும்பம், தேவைப்பட்டால் சண்டை, இந்த மூன்றும் பெண்கள் தோளில். ஏர் பிடிப்பது அதுவரை ஆண்வேலையாக இருந்தது, பெண்கள் அதையும் கற்றார்கள். கூட்டுறவுப் பண்ணையில் நாள் முழுக்க உழைத்தால் கணக்குப் புத்தகத்தில் புள்ளி விழும், அறுவடையில் புள்ளிக்கேற்ற நெல் கிடைக்கும். அதோடு கூட்டுறவு நிலத்தில் 5 சதவீதத்தைக் குடும்பங்களுக்குத் தோட்டமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பன்றிக்கும் கோழிக்கும் காய்கறிக்கும் அந்தத் துண்டு நிலமே துணை.

கல்யாணமாகாத பெண்கள் பலர் இளைஞர் தொண்டர் படையில் சேர்ந்து சாலைக் குழிகளை மண்போட்டு மூடப் போனார்கள். ஹா தின் மாகாணத்தில் தோங் லோக் முச்சந்தியில் 1968 ஜூலை 24 அன்று அப்படி வேலை செய்துகொண்டிருந்த 10 பெண்கள் ஒரே குண்டுவீச்சில் இறந்தார்கள். உயிரோடு திரும்பியவர்களில் பலருக்கு மலேரியாவும் வயதும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இல்லாமலே செய்துவிட்டன. சுவரொட்டிகளில் இவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் முழுதாக நம்புவதில்லை.

கல்யாணம், காதல் எல்லாம்?

அதற்கும் ஒரு முழக்கம் வைத்திருந்தார்கள், 'மூன்று பொறு': காதலிக்கவில்லையா, பொறு, காதலித்துவிட்டாயா, கல்யாணத்துக்குப் பொறு, கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைக்குப் பொறு. எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. போருக்குப் போகுமுன் கிடைத்த சில நாள் விடுப்பில் அவசரமாகத் தாலி கட்டாத குறையாக நடந்த கல்யாணங்கள் ஏராளம். பந்தி கிடையாது. தேநீர், மிட்டாய், சிகரெட், ஓர் அலுவலக அறை, யாராவது ஒரு தோழர் பேச்சு, ஒரு பாட்டு. கல்யாணச் சான்றிதழைக் காட்டினால் மிட்டாய்க்கும் சிகரெட்டுக்கும் தனிக் கூப்பன் கிடைக்கும். பரிசாக அலுமினியச் சீப்பு வந்தால் அது சுட்டு வீழ்த்திய விமானத்தின் தகட்டில் அறுத்ததாக இருக்கும்.

ஓர் ஊரே பூமிக்கடியில் வாழ்ந்தது உண்மையா?

உண்மை. சைகோனுக்கு அருகிலுள்ள கூ சி சுரங்கத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அது போராளிகளுடையது. நான் சொல்ல நினைப்பது வின் மோக். பென் ஹாய் ஆற்றுக்குச் சற்று வடக்கே, வின் லின் பகுதியில் கடலோர மீனவ ஊர். எல்லைக்கு அருகில் இருந்ததால் வானிலிருந்தும் கப்பலிலிருந்தும் ஓயாமல் அடி. 1966 முதல் ஊர்மக்கள் செம்மண்ணைக் கையால் குடைந்து மூன்று அடுக்குச் சுரங்கம் அமைத்தார்கள். அறுபது குடும்பம் உள்ளே இருந்தது. கிணறு, சமையலறை, கூட்டம் போட ஓர் அறை, பிரசவ அறை எல்லாம் உண்டு. உள்ளேயே 17 குழந்தைகள் பிறந்தன. குடும்பத்துக்கு ஒதுக்கிய மாடத்தில் மூன்று நான்கு பேர் நெருக்கிப் படுக்கலாம், நிமிர்ந்து நிற்பது சிரமம். ராத்திரியில் வலை போடவும் வயல் பார்க்கவும் மேலே வருவார்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் சுரங்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வின் லினிலிருந்து சுமார் 30,000 பிள்ளைகளை நடையாகவும் லாரியிலும் வடக்கு மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே யார் வீட்டிலோ, அவர்கள் ரேஷனில் பங்கு போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

தெற்கில், சைகோனில் நிலைமை எப்படி?

அங்கே கடையில் பொருள் நிறைய, கையில் காசு போதவில்லை. 1969இல் அமெரிக்கப் படை 5,43,000 பேர் வரை வந்து நின்றது. டாலர் கொட்டியது, விலை ஏறியது. ஆசிரியர், குமாஸ்தா, சிப்பாய் சம்பளம் அப்படியே நிற்க, அமெரிக்கருக்குச் சமைப்பவரும் துவைப்பவரும் மதுக்கடைப் பெண்ணும் அவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். பழைய வியட்நாமில் படித்தவன், உழவன், தச்சன், வணிகன் என்று ஒரு மரியாதை வரிசை இருந்தது. சைகோனில் அதை மாற்றிச் சொன்னார்கள்: முதலில் வேசி, இரண்டாவது பிக்கு, மூன்றாவது பாதிரி, நான்காவது ஜெனரல்.

ஹோண்டா மோட்டார் சைக்கிள் தெருவை நிறைத்தது. 1966இல் தொலைக்காட்சி வந்தது. நிலையக் கட்டடம் தயாராகுமுன் ஊருக்கு மேலே வட்டமடித்த விமானத்திலிருந்து ஒளிபரப்பினார்கள். பெட்டி உள்ள வீட்டு வாசலில் தெருவே கூடும். அதே ஊரின் கால்வாய் ஓரங்களில், பீர் டின் தகடுகளைச் சுவராக அடித்த குடிசைகளில் கிராமத்திலிருந்து ஓடிவந்தவர்கள் குடியிருந்தார்கள். வயதுக்கு வந்த பையன் இருக்கும் வீட்டில் வேறொரு பயம்: 1968 ஜூனில் கொண்டுவந்த சட்டப்படி 18 முதல் 38 வரை எல்லா ஆண்களையும் படைக்கு அழைக்கலாம். தெருமுனையில் போலீஸ் அடையாள அட்டை கேட்டால் பையன்கள் கூரையேறி ஓடினார்கள்.

தெற்கின் கிராமங்கள்?

இதைச் சுருக்கமாகச் சொல்வது நியாயமில்லை, ஆனாலும் சொல்கிறேன். பகலில் சைகோன் அரசு, ராத்திரியில் அதை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் விடுதலை முன்னணி, இரண்டுக்கும் வரி. வீட்டுக்குள் மரக்கட்டிலுக்கு அடியிலேயே மண்மூட்டை அடுக்கிப் பதுங்குகுழி. 1962இல் மக்களை மூங்கில் வேலிக்குள் குடியேற்றும் திட்டம் வந்தது. மூதாதையர் கல்லறையை விட்டுப் போக மனமில்லாதவர்களையும் இழுத்துப்போனார்கள். வேலிக்கு வெளியே இருந்தால் எதிரி. 1961 முதல் 1971 வரை 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லி வானிலிருந்து தெளிக்கப்பட்டது. காட்டோடு மரவள்ளியும் நெல்லும் வாழையும் கருகின.

இதற்கு நடுவே மேகோங் டெல்டாவில் புது நெல் விதை இறங்கியது, தமிழ்நாட்டு வயல்களிலும் அதே காலத்தில் இறங்கிய அதே ஐ.ஆர்.8. ஒரு நல்ல விளைச்சலில் மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்பதால் அதை 'ஹோண்டா நெல்' என்றார்கள்.

போரின் நடுவே தெட் கொண்டாடினார்களா?

தெட், அதாவது சந்திரப் புத்தாண்டு, இல்லாமல் வியட்நாமியருக்கு வருஷம் பிறக்காது. இரு தரப்பும் ஆண்டுதோறும் சில மணி நேரமோ சில நாளோ போர்நிறுத்தம் அறிவிக்கும். வடக்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 'தெட் பை' கிடைக்கும். பசையரிசி, பாசிப்பயறு, தேயிலை, ஒரு சின்னப் பொட்டலம் அஜினமோட்டோ, ஒரு கட்டுப் பட்டாசு. பான் சுங் என்ற இலைக்கட்டுச் சோற்றை ராத்திரி முழுக்க வேகவைப்பார்கள். விறகு பஞ்சத்தில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே அண்டாவில் வேகவைப்பதும் உண்டு. நள்ளிரவில் வானொலியில் வடக்கின் தலைவர் ஹோ சி மின் தன் புத்தாண்டுக் கவிதையை வாசிப்பார், 1969இல் அவர் இறக்கும் வரை.

1968 தெட் தனிக்கதை. அந்த ஆண்டு வடக்கு தன் நாள்காட்டியின் நேரக் கணக்கை மாற்றியிருந்ததால், ஹனோயில் ஜனவரி 29இலும் சைகோனில் 30இலும் புத்தாண்டு பிறந்தது. ஒரே பண்டிகையை நாடு முதன்முறையாக இரண்டு நாளில் கொண்டாடியது. அந்த விடுமுறையில்தான் தெற்கு நகரங்கள் முழுக்க வடக்கும் விடுதலை முன்னணியும் தொடுத்த தாக்குதல் வெடித்தது. பட்டாசுச் சத்தம் என்று நினைத்துப் பலர் வாசலிலேயே நின்றார்கள். ஹுவேயில் சண்டை மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தது. பழைய தலைநகரின் பெரும்பகுதி இடிந்தது. பின்னால் அங்கே தோண்டிய புதைகுழிகளில் 2,800 பேருக்கு மேற்பட்டோரின் உடல்கள் கிடைத்தன.

பிரிந்த குடும்பங்களுக்குத் தகவல் எப்படிக் கிடைத்தது?

பெரும்பாலும் கிடைக்கவில்லை. 1954இல் தெற்கிலிருந்து வடக்கே போன, பிரெஞ்சுக்காரர்களோடு போரிட்ட விடுதலைப் படையினர் மனைவியிடம் இரண்டு விரலைக் காட்டிவிட்டுக் கப்பல் ஏறினார்கள். இரண்டே வருஷம், ஜெனீவா ஒப்பந்தப்படி 1956இல் நாட்டை இணைக்கத் தேர்தல் வரும், திரும்பிவிடுவோம் என்று அர்த்தம். தேர்தல் நடக்கவில்லை, 21 வருஷம் ஆயிற்று. வடக்கிலிருந்து தெற்கே ஓடியவர்களும் 8 லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களும் அம்மாவையோ அண்ணனையோ விட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

பின்னாளில் வடக்கிலிருந்து தெற்குப் போர்முனைக்குப் போவதை 'பி'க்குப் போவது என்பார்கள், அது ராணுவக் குறிச்சொல். அங்கிருந்து கடிதம் வந்தால் அதிசயம். ஆள் இறந்து ஆண்டுகள் கழித்து இறப்பு அறிவிப்புத் தாள் வந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. தாளில் 'தென் போர்முனையில்' என்று மட்டும் இருக்கும், எந்த ஊர், எந்தக் குழி என்று இருக்காது.

சைகோனில் தமிழர்கள் இருந்தார்களாமே?

இருந்தார்கள். பிரெஞ்சுக் காலத்தில் லேவாதேவிக்குப் போன நகரத்தார், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அரசுப் பணிக்குப் போனவர்கள், துணிக்கடை வைத்த தமிழ் முஸ்லிம்கள். பலர் போருக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள், மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் 1975ஐ ஒட்டி வெளியேறினார்கள். மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது, ஊதுவத்தியோடு வந்து வேண்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் வியட்நாமியரும் சீனரும்.

போர் முடிந்ததும் ரேஷன் முடிந்ததா?

இல்லை, தெற்குக்கும் பரவியது. 1975க்குப் பின்னான பத்தாண்டுதான் சாப்பாட்டில் ஆக மோசம் என்று ஹனோயில் பலர் சொல்வார்கள். 1986இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியபின் சில ஆண்டுகளில் கூப்பன்கள் மறைந்தன. இப்போது அந்தக் கால அலுமினியத் தட்டில் மரவள்ளிச் சோறு போடும் உணவகங்கள் ஹனோயில் இருக்கின்றன. விலை அந்தக் காலத்து விலை இல்லை.

ஹனோய் போனால் எதைப் பார்க்கலாம்?

மெட்ரோபோல் ஓட்டலுக்கு அடியில் 2011இல் மறுபடி கண்டுபிடித்த பதுங்குகுழியைச் சுற்றிக்காட்டுகிறார்கள். ஹூ தியெப் என்ற சின்னக் குளத்தில் 1972இல் விழுந்த பி-52 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் துண்டு இன்னும் கிடக்கிறது, சுற்றிலும் வீடுகள்.

நேரமிருந்தால் காம் தியென் தெருவுக்குப் போங்கள். 1972 டிசம்பர் 18 முதல் 29 வரை ஹனோய் மீது பி-52கள் பறந்தன. கிறிஸ்துமஸுக்கு ஒன்றரை நாள் நிறுத்தினார்கள். ஓய்ந்துவிட்டது என்று நம்பிக் கிராமத்திலிருந்து சிலர் வீடு திரும்பினார்கள். 26ஆம் தேதி இரவு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தத் தெருவில் குண்டு வரிசையாக விழுந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 280 பேர். வீடுகள் இருந்த இடத்தில், இறந்த குழந்தையை ஏந்திய தாயின் சிலை நிற்கிறது. சந்திர நாள்காட்டியில் அது பதினொன்றாம் மாதம் 21ஆம் நாள். வருஷாவருஷம் அந்த நாளில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு திதி கொடுக்கிறார்கள்.